வேகத்தின் எழுத்து: எதிர்காலச் சாய்வெழுத்தின் வடிவமும் பயனும்

ஒரு பெயரை வேகமானதாகவும் நாளைய காலத்தைச் சேர்ந்ததாகவும் காட்ட வேண்டுமென்றால் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் கையாள்கிறார்கள். கோடுகளின் முனையில் சிறு குறுக்குக் கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்தை எடுக்கிறார்கள். அதை அகலப்படுத்துகிறார்கள். வட்டங்களைச் சதுரமாக்கி மூலைகளை மழுக்குகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் வலப்பக்கம் சாய்க்கிறார்கள். பந்தயக் கார், பைக் டேங்கின் ஸ்டிக்கர், ஓட்டக் காலணி, வீடியோ கேமின் முகப்பு, விளையாட்டுச் சேனலின் ஸ்கோர் பட்டை, இரவு முழுக்க ஓடும் ஆம்னி பஸ்ஸின் பக்கவாட்டு என்று எங்கே பார்த்தாலும் இந்த எழுத்து நிற்கிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? சாய்ந்த கோட்டைப் பார்த்ததும் வேகம் என்ற எண்ணம் நமக்கு ஏன் வருகிறது? நல்ல சாய்வெழுத்தையும் மோசமான சாய்வெழுத்தையும் எப்படிப் பிரித்தறிவது? எந்த இடத்தில் இது உதவும், எந்த இடத்தில் வாசிப்பைக் கெடுக்கும்? தமிழ் எழுத்துகளை இப்படிச் சாய்த்தால் என்ன ஆகிறது? இந்தக் கேள்விகளை வரிசையாகப் பார்க்கும் முன் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாய்வு கையால் வரையப்பட வேண்டியது. ஒரு பொத்தானை அழுத்தி எழுத்தைத் தள்ளிவிட்டால் வருவது சாய்வெழுத்தின் போலிதான். வரலாறும் கணக்கும் பயன்பாட்டு அனுபவமும் இதையே சொல்கின்றன.

இரண்டு தனி வேர்கள்

இன்று ஒன்றாகத் தெரியும் இந்த எழுத்துக்கு மூலங்கள் இரண்டு. அவற்றுக்கு இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு.

முதல் வேர் வெனிஸ் நகரத்தில் இருக்கிறது. 1501இல் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் ரோமானியக் கவி வர்ஜிலின் படைப்புகளைக் கையடக்க நூலாக வெளியிட்டார். முழுநூலும் சாய்வெழுத்தில் இருந்தது. அச்சுகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால அறிஞர்களும் அலுவலக எழுத்தர்களும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் விரைந்து எழுதிய கையெழுத்தைத்தான் அவர் உலோகத்தில் கொண்டுவந்தார். சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பேரெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. அவையும் சாயத் தொடங்கியது பிற்பாடுதான். இந்தச் சாய்வு விரைந்து ஓடிய கையிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வேர் லண்டனில் இருக்கிறது. 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லனின் வார்ப்பகம் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் குறுக்குக் கோடுகள் இல்லாத அச்செழுத்து முதன்முதலாக இடம்பெற்றது. வெறும் பேரெழுத்துகள், அதுவும் ஒரே ஒரு வரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுவரொட்டிகளும் கடைப் பலகைகளும் அதை வளர்த்தன. இந்த எழுத்தில் பேனாவின் தடமே இல்லை. கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிமனாக, கருவியால் வெட்டியது போல் இருக்கும்.

பேனாவிலிருந்து வந்த சாய்வை, பேனாவே தொடாத எழுத்தோடு எப்படிச் சேர்ப்பது? இருபதாம் நூற்றாண்டின் அச்செழுத்துக் கலைஞர்கள் இதற்கு இரண்டு விடைகள் கண்டார்கள். ஒன்று, நேரெழுத்தையே சாய்த்துச் சீர்செய்வது. இரண்டு, சாய்வுக்கென்று கையெழுத்தின் சாயலோடு தனி வடிவங்களை வரைவது. இங்கிலாந்தில் ஸ்டான்லி மோரிசன் 1926இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நேரெழுத்தைச் சாய்த்த வடிவமே சிறந்த சாய்வெழுத்து என்று வாதிட்டார். ஆனால் அவர் மேற்பார்வையில் 1932இல் வந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துக்குப் பழைய வழியில் வரைந்த சாய்வெழுத்தையே வைத்தார்கள். எரிக் கில் வரைந்த கில் சான்ஸ் இரண்டாம் வழியில் போனது. ஹெல்வெட்டிக்காவும் யூனிவர்ஸும் முதல் வழியில் போயின. எதிர்காலத் தோற்றம் கொண்ட எழுத்துகள் பெரும்பாலும் முதல் வழியையே பின்பற்றுகின்றன. அவற்றுக்குக் கையெழுத்தின் நெகிழ்வு வேண்டியதில்லை. இயந்திரத்தின் விறைப்பு கெடாமல் அவை முன்னோக்கிப் பாய வேண்டும், அவ்வளவுதான்.

சாய்வு வேகமான கதை

சாய்வெழுத்து நானூறு ஆண்டுகளாகப் புத்தகங்களில் அழுத்தம் தரவும், நூற்பெயர்களைக் குறிக்கவும், பிறமொழிச் சொற்களைப் பிரித்துக் காட்டவும் பயன்பட்டது. வேகம் என்ற பொருள் அதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டு நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இத்தாலியக் கவிஞர் மரினெட்டி 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் லெ ஃபிகாரோ நாளிதழில் எதிர்காலவாதத்தின் அறிக்கையை வெளியிட்டார். கார், விமானம், இரைச்சல், வேகம் இவையே புதிய அழகு என்றார். 1913இல் எழுதிய இன்னோர் அறிக்கையில் அச்சுப் பக்கத்தையே கலைத்துப்போட வேண்டும் என்றார். ஒரே பக்கத்தில் பல நிற மையும் இருபது வகை எழுத்தும் வரலாம், விரைந்து பாயும் உணர்வுகளுக்குச் சாய்வெழுத்து, வன்மையான ஒலிகளுக்குத் தடித்த எழுத்து என்று வகுத்தார். எழுத்தின் சாய்வை வேகத்தோடு வெளிப்படையாக முடிச்சுப் போட்டவர்களில் அவர் முன்னோடி. அந்த இயக்கம் போரைப் போற்றியது, பின்னர் பாசிசத்தின் பக்கம் சாய்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வேகத்தை வழிபட்ட அழகியலுக்கு அந்தக் கறையும் உண்டு.

மற்றது ஒரு புகைப்படம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், பதின்ம வயதைத் தாண்டாத ஜாக் ஹென்றி லார்டீக் என்ற பிரெஞ்சு இளைஞர் ஒரு கார்ப் பந்தயத்தைப் படமெடுத்தார். படத்தில் காரின் சக்கரம் வட்டமாக இல்லை. முன்பக்கம் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கிறது. ஓரத்தில் நிற்கும் மனிதர்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். காரணம் கேமராவின் மூடி (ஷட்டர்). அந்தக் கால மூடியில் ஒரு மெல்லிய பிளவு தகட்டின் குறுக்கே நகர்ந்து காட்சியைத் துண்டு துண்டாகப் பதிவு செய்யும். காட்சியின் அடிப்பகுதி முதலில் பதியும், மேற்பகுதி சற்றுப் பிந்திப் பதியும். அந்த இடைவெளிக்குள் கார் முன்னே போய்விடுவதால் சக்கரத்தின் மேற்பகுதி முன்னால் தள்ளிப் பதிகிறது. லார்டீக் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினார், ஆனால் கார் அளவுக்கு வேகமாகத் திருப்ப முடியவில்லை. அசையாத மனிதர்கள் பின்னால் சாய்ந்தது கேமரா திரும்பியதால்தான்.

கேமராவின் இந்தக் குறைபாடு மனிதக் கண்ணுக்குப் புதிய பாடம் கற்றுக்கொடுத்தது. படக்கதைக்காரர்களும் சுவரொட்டி ஓவியர்களும் ஓடும் வண்டியை முன்சாய்த்தே வரையத் தொடங்கினார்கள். ஓடுகிற மனிதனும் முன்னே சாய்ந்துதான் ஓடுகிறான். உடலின் அனுபவமும் படத்தின் மரபும் சேர்ந்தபோது, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து இடமிருந்து வலம் படிப்போருக்கு ‘முன்னே போகிறது’ என்று தெரியத் தொடங்கியது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்துக்கு இந்த ஆற்றல் கிடைக்கவில்லை. அது தயங்கி நிற்பதாகவே தோன்றும்.

எதிர்காலத்துக்கு ஒரு முகம்

சாய்வு வேகத்தைத் தந்தது. எதிர்காலம் என்ற எண்ணத்தைத் தந்தது எழுத்தின் உருவம். அந்த உருவம் மூன்று படிகளில் வந்தது.

முதல் படி ஃபியூச்சரா. பால் ரென்னர் வரைந்த இந்த எழுத்தை பிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றிலிருந்து எழுந்ததாகத் தோன்றும் இதைக் கண்டதும் பழைய அலங்கார எழுத்துகள் கிழடு தட்டிப்போயின. 1969இல் நிலவில் அப்பல்லோ 11 விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகங்கள் ஃபியூச்சராவில்தான் பொறிக்கப்பட்டன. ரென்னரின் ஆங்கில ‘ஓ’ ஏறக்குறைய முழு வட்டம்போல் தெரியும். கவனித்துப் பார்த்தால் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று கையால் திருத்தியிருக்கிறார்.

இரண்டாம் படி டியூரின் நகரின் நெபியோலோ வார்ப்பகத்தில் நிகழ்ந்தது. ஃபியட் கார்களின் ஊர் அது. அலெஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நொவரேஸேயும் 1952இல் மைக்ரோகிராமா என்ற எழுத்தை வெளியிட்டார்கள். பேரெழுத்துகள் மட்டுமே இருந்தன. 1962இல் நொவரேஸே சிற்றெழுத்துகளையும் சேர்த்து யூரோஸ்டைல் என்ற முழுக் குடும்பமாக்கினார். இதன் ‘ஓ’ வட்டமும் இல்லை, செவ்வகமும் இல்லை. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் திரையைப் போலப் பக்கங்கள் லேசாக உப்பி, மூலைகள் மழுங்கியிருக்கும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஹால் கணினியின் திரைகள் முதல் எண்ணற்ற விண்கலப் படங்கள் வரை இந்த எழுத்து நுழைந்தது. அறிவியல் புனைகதைப் படங்களின் எழுத்துகளை ஆராய்ந்து டேவ் ஆடி எழுதிய நூல், யூரோஸ்டைலின் அகன்ற தடித்த வடிவம் திரையில் வந்தாலே கதை எதிர்காலத்தில் நடக்கிறது என்று கொள்ளலாம் என்ற அளவுக்கு இந்த வழக்கத்தைப் பதிவு செய்கிறது.

மூன்றாம் படி இயந்திரம் படிக்கும் எழுத்து. அமெரிக்க வங்கிகள் 1950களின் இறுதியில் காசோலைகளுக்காக இ-13பி என்ற காந்த மை எண்களை ஏற்றன. நம் ஊர்க் காசோலையின் அடியில் வெள்ளைப் பட்டையில் இருப்பவையும் இவையே. எந்த எண் என்று இயந்திரம் பிரித்தறிவதற்காகச் சில இடங்களில் கோடு திடீரென்று தடித்திருக்கும். மனித அழகுக்காக வரையப்படாத இந்த எண்களைப் பார்த்து மயங்கிய கலைஞர்கள், அதே பாணியில் முழு நெடுங்கணக்கையே வரைந்தார்கள். 1970இல் லெட்ராசெட் நிறுவனம் வெளியிட்ட டேட்டா 70 அப்படி வந்ததுதான். 1975இல் வடிவமைப்பாளர்கள் டேனும் பிளாக்பர்னும் நாசாவுக்கு வரைந்த சின்னம் இந்தப் போக்கின் உச்சம்: ‘ஏ’ எழுத்தின் நடுக்கோட்டையே நீக்கிவிட்டு ஒரே தடிமனில் வளையும் நான்கு உருவங்கள். 1992இல் நாசா அதைக் கைவிட்டது, 2020இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆக, எதிர்கால எழுத்தின் அடையாளங்கள் மூன்று: வடிவியல் ஒழுங்கு, மழுங்கிய சதுர வளைவு, தேவையற்ற கோட்டை நீக்குதல். இவற்றோடு சாய்வு சேர்ந்தபோது நாம் இன்று காணும் எழுத்து உருவானது.

சதுர வளைவுக்கும் சாய்வுக்கும் இடையே ஒரு பொருத்தமும் உண்டு. முழு வட்டமான ‘ஓ’வைச் சாய்த்தால் வருவது ஒரு கோணல் நீள்வட்டம், அது எத்தனை டிகிரி சாய்ந்தது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சதுர ‘ஓ’வின் இரு பக்கங்களும் ஏறக்குறைய நேரான நீண்ட கோடுகள்; சாய்த்ததும் கோணம் பளிச்சென்று தெரியும். யூரோஸ்டைல் பாணி எழுத்துகள் சாய்வில் இவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சாய்ப்பதற்கும் வரைவதற்கும் உள்ள தூரம்

பட்டறைக்குள் நுழைவோம். எழுத்துரு வரையும் மென்பொருளில் ஒரு பேரெழுத்தின் உயரம் 700 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதை 12 டிகிரி சாய்த்தால் எழுத்தின் உச்சி வலப்பக்கம் ஏறக்குறைய 149 அலகு நகரும். 20 டிகிரி சாய்த்தால் 255 அலகு. கோணம் கொஞ்சம் கூடினாலே நகர்வு பெரிதாகிவிடுகிறது. புத்தகத்துக்கும் திரைக்கும் வரையப்படும் சான்ஸ் செரிஃப் சாய்வுகள் பெரும்பாலும் 8 முதல் 14 டிகிரிக்குள் அடங்குவது இதனால்தான். ஹெல்வெட்டிக்காவின் சாய்வு 12 டிகிரி. லோகோவுக்கென்று வரைவோர் அதற்கு மேலும் போவார்கள்; சொல் ஒன்றோ இரண்டோதானே.

இனி, வெறுமனே சாய்ப்பதால் வரும் கேடுகளைப் பார்ப்போம். ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு கால்களும் செங்குத்திலிருந்து 20 டிகிரி விரிந்து, ஒரே தடிமனில் நிற்கின்றன. இதை 12 டிகிரி வலப்பக்கம் தள்ளினால் இடக்கால் 30 டிகிரிக்குப் படுத்துவிடும், வலக்கால் 9 டிகிரிக்கும் குறைவாக நிமிர்ந்துவிடும். படுத்த கால் மெலியும். கணக்குப் போட்டால் இடக்கால் வலக்காலைவிட எட்டில் ஒரு பங்கு மெலிந்து போகிறது. ஒரே கனத்தில் பிறந்த இரண்டு கால்கள், ஒரு பொத்தானை அழுத்தியதும் வெவ்வேறு எழுத்துருவிலிருந்து வந்தவை போல் ஆகின்றன.

‘ஓ’வுக்கு வேறு நோவு. சாய்த்ததும் அதன் வலமேல் மூலையும் இடக்கீழ் மூலையும் தடிக்கும், மற்ற இரு மூலைகளும் மெலியும். ஒரே தடிமன் என்பதே உயிரான எழுத்தில் இந்த ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரியும். நல்ல வடிவமைப்பாளர் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவிலும் புள்ளிகளை நகர்த்தித் தடிமனைத் திரும்பப் பிடிக்கிறார். நீள்வட்டத்தின் கோணலைக் குறைக்கிறார். எழுத்துகளுக்கு இடையிலான வெளியை மறுபடி அளக்கிறார். மழுங்கிய மூலைகளில் இரண்டு கூர்மையடைந்தும் இரண்டு விரிந்தும் போவதால், நான்கு மூலைகளுக்கும் தனித்தனியே வளைவை வகுக்கிறார். எண்கள் வரிசையாக நிற்க வேண்டிய எழுத்து என்றால் எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் வைக்கிறார்.

இந்த உழைப்பு வாசகர் கண்ணில் படாது. அது இல்லாதபோது மட்டும் ‘ஏதோ இடிக்கிறதே’ என்று தோன்றும்.

எங்கே வெல்கிறது

ஒரு பார்வையில் விழுங்கிவிடக்கூடிய சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த எழுத்து வெல்கிறது.

1990களிலிருந்து 2017 வரை ஃபார்முலா 1 பந்தயத்தின் சின்னமாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கத்தில் ஒரு சாய்ந்த கறுப்பு ‘எஃப்’. வலப்பக்கம் காற்றில் கலையும் சிவப்புக் கோடுகள். இரண்டுக்கும் நடுவே விடப்பட்ட வெள்ளை இடமே சாய்ந்த ‘1’ ஆகிவிடுகிறது. அந்த எண்ணை யாரும் வரையவில்லை. அதற்கு இடம் மட்டுமே விட்டிருக்கிறார்கள். சாய்வின் கோணம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். 2017 இறுதியில் அபுதாபியில் அறிமுகமான புதிய சின்னமும் சாய்வையும் அகன்ற வளைவையும் விடவில்லை. அதோடு அந்தப் பந்தயத்துக்கென்றே தனி எழுத்துருக்களும் வந்தன.

வீடியோ கேம்களில் 1995இல் வந்த ‘வைப்அவுட்’ ஒரு மைல்கல். எதிர்காலத்தில் நடக்கும் பறக்கும் வண்டிப் பந்தயம் அது. ஷெஃபீல்டு நகரின் தி டிசைனர்ஸ் ரிபப்ளிக் நிறுவனம் அதற்குச் சின்னங்களையும் எழுத்துகளையும் வரைந்தது. விளையாட்டுக்குள் ஓடும் கற்பனை நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி லோகோ இருந்தது. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு எதிர்காலம் எப்படி இருக்கும் என்ற படம் அந்த எழுத்துகள் வழியாகவே மனத்தில் பதிந்தது.

சாய்வுக்கு வேகத்தைத் தவிர இன்னொரு குணமும் உண்டு: அதட்டல். அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் 1980களிலிருந்து, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை ஃபியூச்சரா தடித்த சாய்வெழுத்தால் வாசகங்களை ஒட்டினார். நுகர்வையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்ட அந்த வாசகங்கள் விளம்பரத்தின் குரலிலேயே விளம்பரத்தை எதிர்த்தன. நைக்கி நிறுவனம் நெடுங்காலம் தன் பெயரை அதே ஃபியூச்சராவின் ஒடுங்கிய தடித்த சாய்வில் அச்சிட்டது. காலணி விற்ற எழுத்தும் சந்தையைச் சாடிய எழுத்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

எண்களிலும் சாய்வு நன்றாக உழைக்கிறது. கால்குலேட்டரிலும் எடைத் தராசிலும் மின்னும் ஏழு துண்டு எண்களைப் பாருங்கள். பல கருவிகளில் அவை சுமார் 10 டிகிரி சாய்ந்தே இருக்கும். நேராக நிறுத்தினால் விறைத்துத் தெரியும் துண்டுகள், லேசாகச் சாய்ந்ததும் எண்ணாகச் சேர்ந்து தெரிகின்றன.

எங்கே தோற்கிறது

வரி வரியாகப் படிக்க வேண்டிய இடத்தில் இந்த எழுத்து தோற்றுவிடும். அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

எம்.ஐ.டி.யின் ஏஜ்லேப் ஆய்வகமும் மோனோடைப் எழுத்துரு நிறுவனமும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கார் ஓட்டுவதைப் போலச் செய்யும் கருவியில் மக்களை உட்காரவைத்து, முகப்புத் திரையின் பட்டியலை இரண்டு வகை எழுத்துகளில் காட்டினார்கள். ஒன்று யூரோஸ்டைல் போன்ற சதுர எழுத்து. மற்றது ஃபுரூட்டிகர் போன்ற, கையெழுத்தின் சாயலுள்ள திறந்த எழுத்து. ஆண்கள் திறந்த எழுத்தைப் படிக்கும்போது சாலையிலிருந்து கண்ணை எடுத்த நேரம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. பெண்களிடம் அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. சாலையில் நொடியின் சிறு பின்னமும் உயிர் சம்பந்தப்பட்டது. எதிர்காலம் போல் தோன்ற வேண்டும் என்பதற்காகக் கார் திரையில் சதுர எழுத்தை வைப்பது ஓட்டுநருக்கு நல்லதல்ல.

காரணம் எளிது. சதுர எழுத்தில் எல்லாமே ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. ‘ஓ’வும் சுழியமும், 5உம் ‘எஸ்’உம், 8உம் ‘பி’யும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. திறப்புகள் குறுகி, ‘சி’ எழுத்து ‘ஓ’வாகத் தெரியும். இதன் மேல் சாய்வும் ஏறினால் குழப்பம் கூடும். வாசிப்பில் இடர்ப்பாடு உள்ளோருக்காக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் தரும் வழிகாட்டி, சாய்வெழுத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், தேர்வுத் தாள், மருத்துவமனை வழிகாட்டிப் பலகை இவற்றில் எதிர்காலச் சாய்வெழுத்துக்கு வேலையே இல்லை.

இன்னொரு தோல்வி காலத்தின் கையால் வருகிறது. எதிர்காலம் என்று நேற்று வரைந்த எழுத்து இன்று பழைய படத்தின் நினைவைத் தருகிறது. டேட்டா 70ஐப் பார்த்தால் இன்று யாருக்கும் நாளை நினைவுக்கு வராது. 1970களின் கணினி அறைதான் நினைவுக்கு வரும். அதிகம் மிகைப்படுத்தாத யூரோஸ்டைலும் ஃபியூச்சராவும் மட்டும் இன்னும் வயதாகாமல் நிற்கின்றன.

திரையின் காலம்

உலோக அச்சில் சாய்வெழுத்து வேண்டுமென்றால் அதைத் தனியே வெட்டி வார்க்க வேண்டும். கணினி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதோடு கேட்டையும் கொண்டுவந்தது. சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானே எழுத்தைத் தள்ளிவிடுகிறது. இணைய உலாவிகளும் இதைச் செய்கின்றன. வலைப்பக்க எழுத்துகளுக்கான இன்றைய நெறிமுறையில் கோணம் குறிப்பிடாத சாய்வுக்கு 14 டிகிரி என்று வகுத்திருக்கிறார்கள். முன் சொன்ன ‘ஏ’யின் கால்கள் ஒரு நாளில் கோடிக்கணக்கான திரைகளில் இப்படி நொண்டுகின்றன.

மாற்றுக்கு வழியும் பிறந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் வார்சா நகரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து மாறுநிலை எழுத்துரு என்ற தொழில்நுட்பத்தை அறிவித்தன. ஒரே கோப்பில் கனம், அகலம், சாய்வு ஆகியவற்றைப் படிப்படியாக மாற்றலாம். சாய்வுக்கென்று ஓர் அச்சும் (axis), தனி வரைவுக்கு மாறுவதற்கென்று இன்னோர் அச்சும் உண்டு. அதாவது, சாய்ப்பதும் வரைவதும் வேறு வேறு என்பதை இந்தத் தொழில்நுட்பமே ஏற்றுக்கொண்டுவிட்டது. திரைகளில் பெரிதும் பயன்படும் இன்டர் எழுத்துரு 2023இல் வந்த 4ஆம் பதிப்பில் சாய்வுக்கெனத் தனி வடிவங்களைச் சேர்த்துக்கொண்டது.

எதிர்காலத் தோற்றத்தைக் கட்டணமின்றி விரும்புவோருக்கு, போர்ச்சுகல் நாட்டு வடிவமைப்பாளர் நதனேல் காமாவின் எக்ஸோ நல்ல எடுத்துக்காட்டு. 9 கனங்கள், ஒவ்வொன்றுக்கும் சாய்வு, ஆக 18 வடிவங்கள். பிறகு எல்லாவற்றையும் திருத்தி வரைந்து எக்ஸோ 2 என்று தந்தார். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இணையத்தில் இலவசம் என்று கிடைக்கும் பல எதிர்கால எழுத்துருக்கள் சொந்தப் பயனுக்கு மட்டுமே அனுமதி தருபவை. கடைப் பலகைக்கோ செயலிக்கோ எடுக்கும் முன் உரிமத்தைப் படித்துவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து சாயும்போது

தமிழ் அச்சு 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ வந்த காலத்திலிருந்தே நிமிர்ந்த எழுத்தில் வளர்ந்தது. அழுத்தம் தர வேண்டுமென்றால் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும் போதுமானவையாக இருந்தன. சாய்வெழுத்து இங்கே மரபாக வேர்விடவில்லை. டிடிபி வந்த பிறகுதான் விளம்பரங்களிலும் சினிமாச் சுவரொட்டிகளிலும் தமிழ் சாயத் தொடங்கியது. விண்டோஸில் நீண்ட காலம் இருந்த லதா எழுத்துருவுக்கும் அதன் பிறகு வந்த நிர்மலாவுக்கும் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. நாம் அவற்றில் காணும் சாய்வெல்லாம் மென்பொருள் தள்ளிய சாய்வுதான்.

அந்தத் தள்ளலில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிகச் சேதம். அடிக்கோட்டுக்கு மேலே இருப்பது வலப்பக்கம் நகரும். கீழே இறங்குவது இடப்பக்கம் நகரும். ‘ழ’வின் வாலும் ‘மு’, ‘ரு’ போன்றவற்றின் உகரக் கோடும் பின்னோக்கி இழுபட்டு முந்தைய எழுத்தின் அடியில் புகுகின்றன. ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேற்கொக்கியோ முன்னே நீண்டு அடுத்த எழுத்தின் தலையில் முட்டுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாக இருக்க வேண்டியது. தள்ளியதும் கோணல் முட்டையாகிறது. ‘ண’, ‘ஞ’ போன்ற சுழியெழுத்துகளில் ஒவ்வொரு சுழியும் ஒரு ‘ஓ’வைப் போல ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிகிறது. சுழி மூன்றென்றால் கேடும் மும்மடங்கு.

ஆனால் தமிழில் சாய்வு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ‘ப’, ‘ட’, ‘ம’, ‘ய’ ஆகியவற்றில் நிமிர்ந்த கோடுகள் இருக்கின்றன. அவை சாய்வைத் தெளிவாக ஏந்தும். ‘ட’வும் ‘ப’வும் இயல்பிலேயே சதுர எழுத்துகள், யூரோஸ்டைல் பாணியின் மழுங்கிய மூலை அவற்றுக்கு இடர்ப்பாடின்றிப் பொருந்தும். புள்ளியை வட்டமாகவே வைத்து இடத்தை மட்டும் நகர்த்தலாம். மேற்கொக்கியைக் குட்டையாக்கலாம். உகரக் கோட்டைச் சற்று நிமிர்த்தி வரையலாம். சுழிகளைச் சாய்வுக்கேற்ப ஒவ்வொன்றாகத் திருத்தலாம். கூகுளின் நோட்டோ தொகுப்பில் நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்ந்த வடிவம் தரப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். அது புத்தக எழுத்து. வேகத்துக்கும் எதிர்காலத்துக்கும் உரிய சான்ஸ் செரிஃப் தமிழ்ச் சாய்வு, முழுக் கனங்களோடு இன்னும் பரவலாகக் கிடைக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்போருக்கு

இதுவரை பார்த்ததிலிருந்து சில நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன. லோகோ, தலைப்பு, ஸ்கோர், வண்டியின் பெயர் போன்ற குறுஞ்சொற்களுக்கு இந்த எழுத்தைத் தயங்காமல் எடுங்கள். பத்தி எழுத்துக்கு எடுக்காதீர்கள். எழுத்துருவை வாங்கும் முன் சுழியத்தையும் ‘ஓ’வையும் அருகருகே அடித்துப் பாருங்கள். ‘ஏ’யின் இரு கால்களையும் பெரிதாக்கிப் பாருங்கள், தடிமன் ஒன்றாக இருந்தால் வரைந்தவர் உழைத்திருக்கிறார். ஏற்கெனவே சாய்ந்த எழுத்துருவின் மேல் இன்னொரு முறை இட்டாலிக் பொத்தானை அழுத்தாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பலகையில் வந்தால், சாய்வு வடிவம் இல்லாத தமிழை இழுத்துச் சாய்க்காமல் நிமிர்ந்தே விடுங்கள். தடித்த தமிழ் ஆங்கிலச் சாய்வின் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும்.

வேகத்தையும் எதிர்காலத்தையும் காட்டும் உரிமை தமிழ் எழுத்துக்கும் உண்டு. அதை மென்பொருளின் ஒரு பொத்தான் தராது. நம் இளம் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் ‘க’ முதல் ‘ன’ வரை உட்கார்ந்து வரைந்தால் வரும். அப்படி வரைபவர்களுக்குப் பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கூலியும் வேலையும் கொடுக்க முன்வர வேண்டும்.